துளை முடியும் வரை

அந்த முகாமில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் வெறுங்கல் மேடம். பூமிக்குள் துளை போட்டுச் செம்பு தேடுகிற நிறுவனத்தில் அவளுக்குக் கல் பார்க்கிற வேலை. பதினைந்து வருடமாக மலை மாற்றி மலை ஏறியிருக்கிறாள். அவள் பார்த்த ஒவ்வொரு துளையின் அறிக்கையும் ஒரே மாதிரிதான் முடிந்தது: தாது எதுவும் தென்படவில்லை. இது அவள் குற்றமா? கல்லில் இருப்பதைப் பார்த்துச் சொல்லத்தான் அவளுக்குச் சம்பளம், கல்லுக்குள் செம்பைக் கொண்டுபோய் வைப்பதற்கு இல்லை. ஆனால் பட்டப்பெயர் வைக்கிறவர்கள் என்றைக்கு நியாயம் பார்த்து வைத்தார்கள்! ஆட்கள் மாறினாலும் அந்தப் பெயர் மட்டும் அவளுக்கு முன்னாலேயே அடுத்த மலைக்குப் போய்ச் சேர்ந்து காத்துக்கொண்டிருக்கும்.

துளை போடுவது என்றதும் கிணறு வெட்டுவதை நினைத்துக்கொள்ள வேண்டாம். முனையில் வைரத்தூள் பதித்த குழாயை இயந்திரம் சுழற்றிச் சுழற்றிப் பாறைக்குள் இறக்கும். குழாய்க்குள் சிக்கிய கல் மணிக்கட்டுப் பருமனில் உருண்டைத் தண்டாக மேலே வரும். அதற்குக் கோர் என்று பெயர். வந்த வரிசை பிசகாமல் அதை நீளப் பெட்டிகளில் அடுக்கிக் கொட்டகைக்கு அனுப்புவார்கள். அவள் தண்ணீர் தெளித்து, லென்ஸைக் கண்ணில் ஒட்டவைத்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டும். காய்ந்திருக்கும்போது எல்லாக் கல்லுக்கும் ஒரே சாம்பல் மூஞ்சி. நனைந்தால்தான் உள்ளதைக் காட்டும்.

அவள் கணவன் ஊரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். எரிந்துபோன மோட்டாரும் மின்விசிறியும் அவனிடம் வரும். கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பான். உருவிய கம்பி கடை மூலையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். "செம்பு தேடி வீட்ட விட்டுப் போனவ உலகத்துலயே நீ ஒருத்திதான். நம்ம கடையில அள்ள அள்ளக் கெடக்கு. வந்து எடுத்துக்கோ," என்பான் போனில். முதல் தடவை கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தாள். நாளாக ஆக, 'வந்து' என்ற வார்த்தை மட்டும் காதில் தங்கிவிட்டது. கேலி மாதிரிச் சொல்லிவிட்டு மனிதர் நிஜமாகவே கூப்பிடுகிறார் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

மகளுக்கு ஏழு வயது. ஆள் சிறிசு, காரம் பெரிசு. அதனால் வீட்டில் மிளகு.

முகாமில் போனுக்குச் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று, தண்ணீர்த் தொட்டி மேடை. சாயங்காலமானால் சமையல்காரர் முதல் மேனேஜர் வரை அதில் ஏறி நின்று, ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு, ஆளுக்கொரு வீட்டோடு பேசுவார்கள். அடுத்தவன் வீட்டுச் சண்டை காதில் விழுந்தாலும் விழாத மாதிரி நிற்பது அங்கே மரியாதை. அவளும் நிற்பாள். மிளகு எடுத்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"துளை முடிஞ்சுதாம்மா?"

"இன்னும் இல்ல கண்ணு. ஐந்நூறு மீட்டர் போகணும்."

"அது எவ்வளவு தூரம்?"

"நம்ம வீட்டுலருந்து உன் ஸ்கூல் வரைக்கும்."

"அவ்வளவுதானா? நான் ஒரே ஓட்டமா ஓடிடுவேனே!"

"கல்லுக்குள்ள ஓட முடியாதே."

இந்த மலையில் இதுதான் கடைசித் துளை. ஐந்நூறு மீட்டர் வரை போய் ஒன்றுமில்லை என்றால் முகாமைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். அதற்குப் பிறகு எந்த மலைக்கும் போவதில்லை என்று அவள் கணவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். தன் ஊரிலேயே குடிநீர் அலுவலகத்தில் ஒரு மேசை வேலைக்கும் சொல்லி வைத்தாயிற்று. பதினைந்து வருட ஆசை வெறுங்கல்லோடு முடியப் போகிறதே என்று நெஞ்சுக்குள் ஒரு மூலை புகைந்துகொண்டுதான் இருந்தது. அதைச் சொல்லி அழ ஆள் இல்லாததால் பேசாமல் பையைக் கட்டி வைத்தாள்.

துளை முடிகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் மிளகிடம் ஒரு சேதி இருந்தது.

"முன்பல்லு ஆடுதும்மா. நாக்கால தள்ளினா அப்படியே படுத்துக்குது. நீ வந்து பாக்குற வரைக்கும் விழ விடமாட்டேன். இந்தப் பக்கமாவே மெல்லுறேன்."

"பிடிச்சு வெச்சுக்கோ. நாளன்னைக்கு ராத்திரி அம்மா வந்துடுவேன்."

"அம்மா, உன்னத் தேடச் சொன்னது யாரு?"

"பெரிய ஆபீஸ்."

"கண்டுபிடிச்சிட்டுத்தான் வரணும்னு சொல்லிட்டாங்களா?"

"ஆமா, அப்படித்தான்னு வெச்சுக்கோ," என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அவள் போனைக் கணவனிடம் கொடுக்கச் சொன்னாள். குழந்தை எதை நினைத்துக்கொண்டு கேட்டது என்று ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

போன தடவை அவள் லீவு போட்டு வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்தது அது. மிளகு ஸ்கூலில் தண்ணீர் பாட்டிலைத் தொலைத்துவிட்டு வந்து நின்றாள். அந்த மாதத்தில் அது எத்தனையாவது பாட்டிலோ. அம்மாவுக்கு வந்ததே கோபம்! "போ, தேடிக் கண்டுபிடிச்சிட்டு வா. இல்லாம வீட்டுக்குள்ள வராத," என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள். பொறுமையைத் துளைகளுக்கு மட்டும் சேர்த்து வைத்திருக்கிற பெண் என்று கணவன் பின்னால் சொன்னான். வெளிச்சம் போகிற நேரத்தில் அவன்தான் போய் ஸ்கூல் மைதானத்தின் புதருக்குள்ளிருந்து குழந்தையைத் தூக்கி வந்தான். பாட்டில் கிடைக்கவில்லை. குழந்தை அழவும் இல்லை. "இன்னும் தேடி முடிக்கலம்மா" என்று மட்டும் சொன்னது.

மறுநாள் மத்தியானம் கடைசிப் பெட்டி கொட்டகைக்கு வந்தது. கூடவே துளை இயந்திரத்தை ஓட்டுகிற டிரில்லரும் வந்தார். கை முழுக்கக் கிரீஸ், முகம் முழுக்கச் சந்தோஷம். அவருக்கும் வீட்டில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

"ஐந்நூறு வந்தாச்சு மேடம். நிறுத்திடலாமா?"

"ஒரு நிமிஷம்ணே. பாத்துட்டுச் சொல்றேன்."

"பாருங்க, பாருங்க. பாக்குறதுக்கு என்ன இருக்கப் போவுது."

அவள் தண்ணீர் தெளித்தாள். சாம்பல், சாம்பல், வெள்ளைக் கோடு, மறுபடி சாம்பல். கடைசிப் பெட்டியின் கடைசிச் சாணில் தலைமுடி மாதிரி ஒரு வெள்ளை நரம்பு ஓடியது. அதன் நடுவில் கடுகளவுக்கு ஒரு மஞ்சள் பொட்டு.

மஞ்சளைக் கண்டதும் மயங்குகிற வயது அவளுக்குத் தாண்டிவிட்டது. பைரைட் என்று ஒன்று உண்டு, இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. செம்புத் தாதுவைப் போலவே மினுக்கும். இந்தத் தொழிலில் அது ஏமாற்றாத ஆள் கிடையாது. இரண்டாவது மலையில் அவளும் ஏமாந்தாள். துள்ளிக் குதித்து மேலிடத்துக்குச் சொல்ல, பெரிய அதிகாரி வண்டி பிடித்து வந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார். வெறுங்கல் மேடம் பிறந்தது அன்றுதான். அதிலிருந்து அவள் சட்டைக் காலரில் எப்போதும் ஒரு சேஃப்டி பின் குத்தியிருக்கும். பைரைட்டை அதன் முனையால் கீற முடியாது. செம்புத் தாது கீறுபடும், பச்சை கலந்த கறுப்பாகப் பொடி உதிரும்.

பின்னைக் கழற்றிக் கீறினாள். பொடி உதிர்ந்தது. கட்டை விரலில் தொட்டு வெளிச்சத்தில் பார்த்தாள். பச்சை கலந்த கறுப்பு.

தாது கண்ணில் படும்போது துளையை நிறுத்தக் கூடாது. எல்லா முகாமிலும் இதுதான் சட்டம். ஆனால் அதைக் கண்ணால் பார்க்கிறவள் அவள் ஒருத்தி மட்டும்தான். டிரில்லரிடம் லென்ஸ் கிடையாது, மேனேஜருக்குக் கல்லே தெரியாது. விரலை நனைத்துச் சட்டையில் துடைத்தால் போதும், பெட்டிக்கு மூடி போட்டு அடுக்கிவிடுவார்கள், விடிந்ததும் ஜீப். யாரும் கேட்கப் போவதில்லை. ஒரு கடுகைக் காட்டி யாரும் கோட்டை கட்டவும் முடியாது. முக்கால்வாசி இதோடு தீர்ந்துபோகிற பொட்டாகத்தான் இருக்கும். அவளுக்கு மகள் வேண்டும். ஆடுகிற அந்தப் பல்லை ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவன் கம்பி சுற்றுவதைப் பார்க்க வேண்டும். இதெல்லாம் இன்றோடு கைக்கு எட்டிவிடும்.

ஆனால் இதற்காகத்தானே பதினைந்து வருடம். அவள் விரலைத் துடைக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் இறக்குங்கண்ணே."

டிரில்லர் அவளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "வேணாம் மேடம்," என்றார் கெஞ்சுகிற மாதிரி. பிறகு முணுமுணுத்துக்கொண்டே போய் இயந்திரத்தைத் தட்டிவிட்டார்.

அன்று சாயங்காலம் தொட்டி மேடையில் நின்று, இரண்டு நாள் தள்ளிப் போகும் என்று கணவனிடம் சொன்னாள். அவன் சரி என்றான். கேலி எதுவும் வரவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இரண்டே நாள், சத்தியமாக அதற்கு மேல் ஆகாது, வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவேன் என்று கேட்காத வாக்கையும் கொடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்த நாள் முழுக்கச் சாம்பல். நரம்பும் இல்லை, பொட்டும் இல்லை. சும்மா கிடந்த சங்கை எடுத்து ஊதிவிட்டோமே என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். சாப்பாட்டு வரிசையில் டிரில்லர், "அந்தப் பொட்டு மேடம் காதுல கெடந்த தோடுலருந்து விழுந்திருக்கும்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். நாளை மதியத்தோடு நிறுத்திவிடுங்கள் என்று மேனேஜரிடம் சொன்னபோது உள்ளே ஏதோ ஒன்று இறங்கி லேசானது. வெள்ளிக்கிழமை பஸ் கைவிட்டுப் போகாது.

மறுநாள் காலையில் வந்த பெட்டியைத் திறந்து, பழக்க தோஷத்தில் தண்ணீரை ஊற்றினாள்.

கல் முழுக்க மஞ்சள். நரம்பு நரம்பாக, கொடி கொடியாக, விரல் வைக்க இடம் விடாமல். சில இடங்களில் மயில் கழுத்து நிறத்தில் நீலம் பாய்ந்திருந்தது. அவள் பின்னைக் கழற்றினாள். அவசரத்தில் அது கீழே விழுந்தது. தேடி எடுக்காமல் நகத்தாலேயே சுரண்டப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினால் வருமா! பிறகு மண்டியிட்டுப் பின்னைத் தேடி எடுத்து ஓர் இடத்தில் கீறினாள், இன்னோர் இடத்தில் கீறினாள், இன்னும் ஓர் இடத்தில். எல்லா இடத்திலும் பச்சை கலந்த கறுப்பு. தரையில் அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். டிரில்லர் இயந்திரத்தைப் போட்டது போட்டபடி ஓடி வந்தார். பெட்டியைப் பார்த்ததும் தலையில் இருந்த ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மேடம்... இனிமே உங்கள எப்படிக் கூப்பிடுறது?" என்றார் திருட்டு முழியோடு.

"நீங்க எப்படிக் கூப்பிட்டீங்கன்னு எனக்குத் தெரியும்ணே," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

யாரிடம் முதலில் சொல்வது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 'உங்க கடைக் கம்பி எல்லாம் இப்படித்தான் இருந்துச்சு, கல்லுக்குள்ள, நான் பாத்துட்டேன்' என்று சொல்ல வேண்டும். வார்த்தையைக்கூட அடுக்கிவிட்டாள். போனை எடுத்துக்கொண்டு தொட்டி மேடையை நோக்கி ஓடினாள். மேடையின் கீழே மேனேஜர் ஒரு அட்டைப் பெட்டியோடு நின்றிருந்தார்.

இதுவும் சட்டம்தான். பதினைந்து வருடத்தில் ஒரு தடவையும் தேவைப்படாததால் அவளுக்கு மறந்தே போயிருந்தது. நிறுவனத்தின் பங்குகள் சந்தையில் விற்கிறவை. செம்பு கண்ணில் பட்ட சேதி கசிந்தால் முந்திக்கொண்டு வாங்கி ஆதாயம் பார்க்க ஆள் இருக்கும். அதனால் ஆய்வுக்கூடத்து முடிவு வந்து, நிறுவனமே ஊருக்கு அறிவிக்கிற வரை, முகாமை விட்டு யாரும் வெளியே போகக் கூடாது, யாரோடும் பேசக் கூடாது. போன்கள் அட்டைப் பெட்டிக்கும் அங்கிருந்து இரும்பு அலமாரிக்கும் போயின.

"ஒரே ஒரு நிமிஷம் சார். வரலன்னு மட்டும் சொல்லிடுறேன். வெள்ளிக்கிழம வந்துடுவேன்னு சொல்லியிருக்கேன்."

"உங்களுக்கு ஒரு நிமிஷம்னா எல்லாருக்கும் ஒரு நிமிஷம் மேடம். என் வீட்டுலயும்தான் தேடுவாங்க," என்றார் மேனேஜர். அவர் குரலில் கொடுமை இல்லை. அவரும் தன் போனை முதல் ஆளாகப் பெட்டியில் போட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்து போனது. பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. செம்பு நிற்கவில்லை. பத்து மீட்டர், இருபது, ஐம்பது. முகாமே கல்யாண வீடு மாதிரிக் கலகலத்தது. அவள் மட்டும் ஒவ்வொரு பெட்டியைத் திறக்கும்போதும், இதில் சாம்பல் இருக்காதா என்று பார்த்தாள். இத்தனை வருடம் மஞ்சளுக்காக ஏங்கிய அதே கண்தான். ஒரு பெட்டி வெறுங்கல் வந்தால் துளை முடியும், துளை முடிந்தால் வீடு. அடுத்த நிமிடமே, ஐயோ, தீர்ந்துவிடக் கூடாதே என்றும் இருந்தது. தட்டில் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு அடுத்த பெட்டியைத் திறக்கப் போனாள்.

அடுத்த வாரம் மேலிடம் இரக்கப்பட்டு ஓர் அனுமதி கொடுத்தது. மேனேஜர் அறையில் இருக்கிற சாட்டிலைட் போனில், மேனேஜர் எதிரில், ஒலிபெருக்கியில் போட்டு, ஆளுக்கு ஒரு தடவை வீட்டோடு பேசலாம். நலமாக இருக்கிறேன், வரத் தாமதமாகும், இரண்டே விஷயம்தான். ஏன் என்று சொல்லக் கூடாது. துளை, கல், செம்பு, இந்த வார்த்தைகள் வாயில் வரக் கூடாது.

கணவன் எடுத்தான்.

"என்னங்க, நான்தான்."

"நல்லா இருக்கியா? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றான் மூச்சை விட்டு.

"நல்லா இருக்கேங்க. வர லேட்டாகும். எவ்வளவு நாள்னு தெரியல."

"என்ன பிரச்சன?"

"பிரச்சன எதுவும் இல்ல. அத இப்பச் சொல்ல முடியாது."

"வெள்ளிக்கிழம பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம்," என்றான் அவன். "மிளகு ஒவ்வொரு பஸ்ஸா பாத்தா. கடைசி பஸ்ஸும் போனப்புறம்தான் வீட்டுக்கு வரச் சம்மதிச்சா. இரு, அவகிட்ட குடுக்குறேன்."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மேனேஜர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா," என்றது குரல். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னாலேயே லேசாகக் காற்று சீறியது.

"பல்லு விழுந்துடுச்சா கண்ணு?"

"உனக்கு எப்படித் தெரியும்? நான் விடலம்மா. இந்தப் பக்கமாதான் மென்னேன். அதுவா விழுந்துடுச்சு." பிறகு ஒரு மூச்சு. "துளை முடிஞ்சுதாம்மா?"

மேனேஜரின் கை மேசை மேல் லேசாக எழுந்தது.

"அதப் பத்தி இப்பப் பேசக் கூடாது கண்ணு."

"அவங்க பக்கத்துல இருக்காங்களா?"

"யாரு?"

"பெரிய ஆபீஸ்காரங்க."

அவள் மேனேஜரைப் பார்த்தாள். "ம்," என்றாள்.

மிளகு குரலைத் தாழ்த்தினாள். ரகசியம் சொல்கிறாளாம். ஒலிபெருக்கியில் அது அறை முழுக்கக் கேட்டது.

"அம்மா, கெடைக்கலையா?"

சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டகையில், தரையிலிருந்து கூரை வரை, பெட்டி பெட்டியாக அது இருந்தது.

"கெடைக்கலன்னா பரவாயில்லம்மா. அவங்க திட்டினா திட்டிட்டுப் போறாங்க. இருட்டினதுக்கப்புறம் தேடினா எதுவுமே தெரியாதும்மா, நான் தேடிப் பாத்திருக்கேன்ல. கெடைக்கலன்னாலும் வந்துடும்மா."

மைதானமும் புதரும் வாசலில் நின்ற தன் கோபமும் அவள் கண்முன் வந்து நின்றன. இத்தனை நாளும் குழந்தை எதை நினைத்துக்கொண்டு துளை முடிந்ததா, துளை முடிந்ததா என்று கேட்டது என்பது அப்போதுதான் புரிந்தது. கிடைத்துவிட்டது என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பிஞ்சு மனது ஆறும். அந்த வார்த்தைதான் அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேனேஜர் எதிரில் சொல்லக்கூடியது எது என்று தேடினாள்.

"மிளகு, அம்மா ஒண்ணு சொல்றேன், கேளு. இனிமே எது தொலைஞ்சாலும் தேடிட்டு நிக்காத. பாட்டில் போனா போகட்டும். ஸ்கூல் விட்டதும் நேரா வீட்டுக்கு வந்துடு."

"நெஜமாவா? திட்டமாட்டியே?"

"மாட்டேன். சத்தியமா மாட்டேன்."

மறுமுனையில் யோசிக்கிற சத்தம், பல் போன இடத்தில் காற்று போய் வருகிற சத்தம்.

"சரி," என்றாள் மிளகு. "அப்ப நீயும் வா."